ஜொகூர்ச் சட்டநூலும் மக்களாட்சியும்

1895ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஜொகூர் சுல்தான் அபு பக்கர் தம் நாட்டிற்கு எழுத்து வடிவான அரசியற்சட்டம் ஒன்றை வழங்கினார். மலாய் நாடுகளுள் இத்தகைய சட்டத்தை முதன்முதற் பெற்றது ஜொகூரே. இச்சிறப்பினை எடுத்துரைப்போருள் சிலர் ஒருபடி மேலே சென்று, மக்களாட்சி அன்றே ஜொகூரில் தோன்றிவிட்டது என்பர். வேறு சிலரோ, மன்னர் ஒருவர் தாமே எழுதித் தந்ததற்கும் மக்களாட்சிக்கும் என்ன தொடர்பு என ஒதுக்குவர். இரு சாராரும் நூலை மட்டுமே நோக்கினர். அந்நூலைக் கொண்டு மக்கள் என்ன செய்தனர் என்பதை நோக்கினாரல்லர்.

ஆட்சியாளன் தவறு செய்தால் அவனைத் தடுப்பது யாது? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கியம் தரும் விடை சிலப்பதிகாரத்தில் உண்டு. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும், பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழை உணர்ந்து உயிர் விடுகின்றான். இங்கே மன்னனைத் தண்டித்தது அவன் நெஞ்சமே. நெஞ்சறம் உடைய மன்னன் வாய்த்தமையால் அங்கு நீதி விளங்கிற்று. அஃது இல்லாத மன்னன் அரியணையில் இருந்திருப்பின் கண்ணகி வழக்கின் கதி என்ன? அறத்தை மன்னன் உள்ளத்தில் வைத்துப் பாடிய புலவர்கள் இவ்வினாவிற்கு ஊழையே துணைக்கு அழைத்தனர்.

1787இல் அமெரிக்க அரசியற்சட்டத்தை வகுத்தோர் வேறு வழி கண்டனர். ஆள்வோரின் நற்பண்பை நம்பியிராமல், அதிகாரத்தை அதிகாரத்தாலேயே தடுக்கும் ஏற்பாட்டை அவர்கள் செய்தனர். பேரவை இயற்றும் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம்; ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் அம்மறுப்பையும் வெல்லலாம். 1803 முதல், அரசியற்சட்டத்திற்கு முரணான சட்டம் செல்லாது எனக் கூறும் உரிமையை நீதிமன்றமும் நிலைநாட்டிற்று. யாவற்றினும் மேலாக, அந்நூல் மக்கள் பெயரால் தொடங்குவது. மன்னர் வழங்கிய கொடையன்று.

ஜொகூர்ச் சட்டநூலோ மன்னரின் கொடையே. அதில் வாக்குரிமை இல்லை, தேர்தல் இல்லை. அமைச்சரவையும் மாநில மன்றமும் அமைந்தன. எனினும் உறுப்பினரைத் தேர்ந்தவர் மக்கள் அல்லர். ஆயினும் 15ஆம் பிரிவு ஒன்று அந்நூலைத் தனித்து நிற்கச் செய்கின்றது. நாட்டையோ நாட்டின் ஒரு பகுதியையோ ஐரோப்பிய வல்லரசு உள்ளிட்ட எவருக்கும் ஒப்படைக்க மன்னருக்கு உரிமை இல்லை என்பது அதன் பொருள். 1874இல் பேராவும் 1888இல் பகாங்கும் ஆங்கிலேய ஆட்சியாளரின் பிடிக்குள் சென்றதைக் கண்ணுற்ற காலத்தில் எழுந்த காப்பு அது. மன்னராலும் செய்யலாகாதது ஒன்று உண்டு என எழுதப்பட்ட அக்கணமே, மன்னருக்கு மேல் ஒரு நூல் நின்றது.

நின்றது என்றாலும் காத்ததா? 1914இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகரின் சொற்படி நடக்கச் சுல்தான் இப்ராகிம் இசைய வேண்டியதாயிற்று. 1945 அக்டோபரில், மலாயன் யூனியன் திட்டத்திற்காக வந்த சர் ஹெரால்டு மாக்மைக்கேல் நீட்டிய உடன்படிக்கையில் அவரே ஒப்பமிட்டார். எழுத்து அங்கே ஊமையாய் இருந்தது.

அதற்கு வாய் தந்தோர் மக்கள். 1946 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், சட்டம் வழங்கிய மன்னரின் பெயர் தாங்கிய பள்ளிவாசலில் கூடிய மலாய்க்காரர்கள், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுல்தான் மீறிவிட்டார் என வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினர். மன்னரை எதிர்த்தல் பெரும்பிழை எனக் கருதி வந்த சமூகத்தில் இது சிறு செய்தியன்று. அவ்வாண்டு மே 11ஆம் நாள் அதே நகரில் டத்தோ ஓன் ஜாபர் தலைமையில் அம்னோ தோன்றிற்று; 1948இல் மலாயன் யூனியன் மறைந்தது. கண்ணகி கையில் சிலம்பு இருந்ததுபோல் இவர்கள் கையில் சட்டநூல் இருந்தது. வேறுபாடு யாதெனின், இவர்கள் மன்னரின் நெஞ்சத்தை நோக்கி முறையிடவில்லை. மன்னரும் மக்களும் ஒருங்கே கட்டுப்பட்ட எழுத்தைக் காட்டி வாதிட்டனர். கொடையாக வந்த நூல் உரிமையாக மாறியது அன்றே.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு; அதனை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. மலாயன் யூனியன் திட்டம் குடியுரிமை வாயிலை அகலத் திறந்திருந்தது. அது வீழ்ந்து 1948இல் கூட்டரசு உடன்படிக்கை வந்தபோது அவ்வாயில் குறுகிற்று. குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழருள் பலர் புறத்தே நிறுத்தப்பட்டனர். மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955இல் நடந்தபோது, வாக்காளருள் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேற்பட்டோர் மலாய்க்காரரே. 1957இல் விடுதலைக்குப் பின் பிறந்தோர்க்குப் பிறப்பால் குடியுரிமை கிடைத்த பின்னரே நிலைமை மாறலாயிற்று. ஒரு சாராருக்குக் கேடயமான நூல், மற்றொரு சாராருக்கு அன்று மதிலாயிற்று.

இக்குறை ஜொகூருக்கு மட்டும் உரியதன்று. மக்கள் பெயரால் தொடங்கிய அமெரிக்க நூலும், பேரவை இடங்களைப் பங்கிடுகையில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகவே எண்ணிற்று. பெண்கள் 1920வரையும், தென் மாநிலக் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம்வரையும் காத்திருந்தனர். புறத்தே நின்றோர் அந்நூலையே எடுத்துக்காட்டி உள்ளே வந்தனர் என்பதே அதன் பெருமை.

இவ்வளவுகோலால் இன்றைய ஜொகூரை அளத்தல் தகும். நகராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன; 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை அறவே நீக்கிற்று. தெருவிளக்கையும் குப்பையையும் கவனிக்கும் மன்றத்தினர் இன்றும் நியமனம் பெற்றவரே. 2022 மார்ச் 12ஆம் நாள் நடந்த மாநிலத் தேர்தலில், நாட்டிலேயே முதன்முறையாக 18 வயதினர் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். அன்று வாக்களித்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பத்தைவரே.

ஆதலின் 1895ஆம் ஆண்டு நூலை மக்களாட்சி எனப் புகழ்தலும் தவறு. வெறும் மன்னர் ஆணை என இகழ்தலும் தவறு. அது ஒரு சிலம்பு. ஏந்துவோர் இன்றேல் வெறும் அணி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பயிற்றும் தமிழாசிரியர், அதே வகுப்பில் நாட்டின் அரசியற்சட்டத்தையும் ஒரு நாழிகை விரித்துக் காட்டுவாராயின், வாக்களிக்கும் வயதை எட்டும் மாணவன் தன் கையில் இருப்பது இன்னதென அறிவான்.