கழியொலிக் கருவியும் கண்டி வீட்டு எலிகளும்

கையில் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, முகத்தில் ஒரு நீல வெளிச்சம், முதுகில் இரண்டு உருண்டை முனைகள்: இவ்வளவே கருவி. இதைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டால், எலி, கரப்பான், நுளம்பு, எறும்பு, பல்லி, சிலந்தி ஆகிய சகல ஜந்துக்களும், மனிதச் செவிக்கு எட்டாத கழியொலியைத் தாங்கமாட்டாமல் வீட்டைவிட்டு ஓடிப்போகும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறது. நஞ்சும் வேண்டாம், பொறியும் வேண்டாம், செத்த எலியை அப்புறப்படுத்தும் அருவருப்பும் வேண்டாம் என்ற இந்த வாக்குறுதி, சிறு குழந்தைகள் உள்ள வீட்டாருக்கும் ஜீவஹிம்சைக்கு அஞ்சுபவர்களுக்கும் எத்துணை ஆறுதலாக இருக்கும் என்பதை உணர்ந்தே, அலட்சியமாகத் தள்ளிவிடாமல், கண்டியைச் சேர்ந்த இரண்டு வீடுகளில் வைத்துப் பரீட்சித்தும், கூட்டைத் திறந்து பார்த்தும், அறிஞர்கள் கண்டறிந்தவற்றோடு ஒப்புநோக்கியும் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

கண்டியில் இது அற்ப விஷயம் அன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரண்டு பருவமழைகளையும் வாங்கிக்கொள்ளும் இவ்வூரில், மழை வலுக்கும்போது ஆற்றோரத்துப் பொந்துகளிலும் கால்வாய்களிலும் வாழும் எலிகள் வீடுகளுக்குள் ஏறிவருவதும், ஓட்டுக்கூரைமேல் சாய்ந்து நிற்கும் பலா, மா, ஈரப்பலா மரங்களின் கிளைகள் அவற்றுக்குப் பாலமாக அமைவதும் யாவரும் அறிந்தவை. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் எனச் சந்தேகிக்கப்பட்டபோது கண்டியும் அயலிலுள்ள மாத்தளையும் அதன் துன்பத்தை அனுபவித்தன. 2017இல் டெங்கு, நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோரைப் பீடித்து, சில நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. எலியும் நுளம்பும் இங்கே வெறும் தொந்தரவுகள் அல்ல, நோயைச் சுமந்து வருபவை. ஆகவே அவற்றை விரட்டுவதாகச் சொல்லும் ஒரு பொருள் பொய்த்தால், நஷ்டம் பணத்தோடு நின்றுவிடாது.

கருவியை விற்ற கடைக்காரர், "ஒரு கிழமை பாருங்க ஐயா, எல்லாம் ஓடிரும்" என்று நம்பிக்கையோடு சொன்னார். அவர் ஏமாற்ற எண்ணினார் என்று நான் கருதவில்லை, பெட்டியில் வாசித்ததையே அவரும் நம்பியிருக்கலாம். நமது வீடுகளின் சதுர முனைப் பிளக்கில் இது நேராகப் பொருந்தாது. அடப்டர் ஒன்று தனியே வாங்கவேண்டும், அதுவும் தளர்வாக இருந்ததால் கருவி சரிந்து தொங்கிற்று. மின்னிணைப்பிலிருந்து கழற்றிச் சற்று நேரம் ஆறவிட்டுப் பின்புறத்து ஆணிகளைத் திறந்தபோது, விரலளவு மின்சுற்றுப் பலகையும், ஒரு சிறிய கொள்ளளவியும், நீல விளக்கும், இரண்டு மெல்லிய கம்பிகளால் பற்றவைக்கப்பட்ட பித்தளைத் தகடும் இருந்தன. பீசோ எனப்படும் அந்தத் தகடு, மின்னழுத்தம் ஏறி இறங்குந்தோறும் தானும் வளைந்து நிமிர்ந்து காற்றை அதிரவைக்கும். கருவியின் சாமர்த்தியம் முழுவதும் அதிலேதான் இருக்கிறது. ஆனால் பெட்டியில் கூறப்பட்ட மீடிறனில், கூறப்பட்ட பலத்தோடு அது ஒலிக்கிறதா என்று வாங்குபவர் அறிய வழியில்லை. நம் காதுகளின் எல்லை 20 கிலோஹேர்ட்ஸ். கைத்தொலைபேசிச் செயலிகளோ பெரும்பாலும் 24 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் காட்டமாட்டா. நீல விளக்கு எரிவது மின்சாரம் வருவதற்கு மட்டுமே சான்று.

எலிக்குக் கழியொலி கேட்காது என்று சொல்லுவது தவறாகும். எலியின் செவி ஏறத்தாழ 80 கிலோஹேர்ட்ஸ் வரையில் உணரும். அபாயத்தை அறிவிக்க 22 கிலோஹேர்ட்ஸ் அளவிலும், விளையாட்டிலும் மகிழ்ச்சியிலும் 50 கிலோஹேர்ட்ஸ் அளவிலும் எலிகள் தமக்குள் பேசிக்கொள்ளுகின்றன. விற்பனையாளர் பற்றிக்கொண்டிருக்கும் உண்மை இதுதான். ஆனால் கேட்கும் என்பதிலிருந்து ஓடும் என்பதற்குப் போகிற வழியில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, கழியொலியின் இயல்பு. 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்பது மில்லிமீற்றரும் இல்லை; அதனால் அது வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில் சென்று, எதிர்ப்பட்ட பொருளில் மோதித் திரும்பி, அப்பொருளின் பின்னால் நிழலை விட்டுவிடுகிறது. சுவரை ஊடுருவாது, திரைச்சீலையும் மெத்தையும் அதை விழுங்கும், காற்றும் அதைத் தாழ்ந்த ஒலியைவிட விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். எலியோ அலுமாரியின் பின்னும், சீலிங்கின் மேலும், அரிசி மூட்டையின் அடியிலும், அதாவது அந்த நிழல்களிலேயே வாழுகிறது. இரண்டாவது தடை பழக்கம்: எந்தத் தீங்கும் தொடர்ந்து வராத ஒலிக்கு எலி விரைவில் பழகிவிடுகிறது, சோற்று மணம் அருகிலிருந்தால் இன்னும் விரைவாகப் பழகுகிறது.

கட்டுகஸ்தோட்டையில், மகாவலிக் கரைக்கு அண்மையிலுள்ள என் வீட்டுக் குசினியில், கருவியை எரிவாயுச் சிலிண்டருக்கு மேலுள்ள பிளக்கில் செருகி, தரையில் சுவரோரமாகக் கோதுமை மாவை மெல்லிதாகத் தூவி, காலையில் சுவடுகளைப் பார்த்துவந்தேன்; சில நாட்கள் கருவியை இயக்கியும் சில நாட்கள் அணைத்தும் வைத்தேன், ஏனெனில் அணைத்துப் பார்க்காத பரீட்சை ஒன்றையும் நிரூபிக்காது. தொடக்கத்தில் உண்மையாகவே வேறுபாடு தெரிந்தது. கருவிக்கு நேர் எதிரே சுவடு குறைந்து, அடுப்பு மேடையின் மறுபக்கமாகச் சென்றது. பின்னர் அதுவும் மாறி, கருவியின் நேர்க்கீழே, நான்கு சிறு விரல்கள் பதிந்த முன்பாதங்களும், அவற்றுக்கிடையே வால் இழுபட்ட நீண்ட கோடும் தெளிவாகப் பதிந்திருந்தன. அணைத்த இரவுகளுக்கும் இயக்கிய இரவுகளுக்கும் அதன்பின் பேதம் காணப்படவில்லை.

ஹந்தானைத் தோட்டத்து லயனொன்றில், உறவினர் ஒருவரின் காம்பராவில் வைத்த கருவி அதனிலும் சீக்கிரத்தில் பயனற்றதாயிற்று. பழைய லயன்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை எழும்புவதில்லை. ஒரே தகரக் கூரையின் கீழ், வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, எலிகளுக்கு அந்தச் சுவர்த்தலைகளே ராஜபாட்டை. கருவி கீழே தன் ஒரு காம்பராவின் காற்றை அதிரவைத்துக்கொண்டிருக்க, எலிகள் மேலே போய்வந்துகொண்டிருந்தன. "இஸ்தோப்புலயும் ஒண்ணு மாட்டணுமோ தம்பி?" என்று அந்த அக்கா கேட்டபோது, குடும்பத்தின் நாட்சம்பளத்தில் ஒரு பங்கு இப்படிக் கரைவதை எண்ணி மனம் வருந்தினேன். காம்பராவுக்கு ஒன்றாக வரிசை முழுவதற்கும் மாட்டினாலும், கூரை பொதுவாக இருக்கும்வரை பயன் கிட்டாது.

கரப்பானையும் நுளம்பையும் பற்றிய வாக்குறுதிக்கு இந்த அரைகுறை ஆதாரமும் இல்லை. கரப்பான் தன் கால்களால் தரையின் அதிர்வையும், வாற்புறத்து உணரிகளால் காற்றின் அசைவையும் அறிகிறதே தவிர, கழியொலிக்கென அதனிடம் செவியில்லை. நுளம்பின் உணர்கொம்புகள் சில நூறு ஹேர்ட்ஸ் அளவிலான சிறகொலிக்கே இசைந்தவை. மின்னணு நுளம்பு விரட்டிகளைப் பற்றி 2007இல் கொக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, 10 களப் பரீட்சைகளைத் தொகுத்து ஆராய்ந்து, கடி குறைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லையென்று முடிவு கூறியது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான லிவர்பூல் அறிஞர் ஜேனட் ஹெமிங்வே, பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கருணாரத்னவோடு சேர்ந்து, இலங்கை நுளம்புகள் மலத்தியோன் போன்ற பூச்சிகொல்லிகளை எதிர்த்து நிற்கும் விதத்தை ஆராய்ந்தவர். நம் நாட்டு நுளம்பை நெருங்கி அறிந்த ஒருவரின் தீர்ப்பு என்பதால் அது எனக்கு மிகவும் பெறுமதியுடையது. படுக்கையறையில் நீல விளக்கை நம்பி வலை கட்டாமல் ஒரு குழந்தையை உறங்கவிடும் தாய், தான் அறியாமலே காவலைக் கைவிடுகிறாள்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2001இல், இத்தகைய கருவிகளை உற்பத்தி செய்யும், விற்கும் 60க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு, எலியையும் பூச்சியையும் ஒழிப்பதாகக் கூறும் விளம்பரங்களுக்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இவ்வளவு காலம் கழிந்தும் அதே வாசகங்கள் புதிய பெட்டிகளில் நம் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றில், வீட்டின் மின்கம்பிகளையே காந்த அலைகளால் நிரப்பிவிடுவதாக மேலும் ஒரு கூற்று சேர்ந்திருக்கிறது. சீலிங்கின்மேல் மின்கம்பி ஓடும் இடத்தில் எலி கூடு கட்டியிருப்பதைக் கண்ட எவரும் அதை ஏற்கமாட்டார்.

என் தீர்ப்பு இது: இதை வாங்கவேண்டாம். அந்த விலைக்குள், குசினியில் நீர்க்குழாய் புகும் துவாரத்தைச் சுற்றிக் கம்பிவலை திணித்துச் சீமெந்து பூசவும், பின்கதவின் அடியில் தகரம் அடிக்கவும், இறுக்கமான மூடியுள்ள அரிசி வாளி ஒன்று வாங்கவும் எனக்கு முடிந்தது. ஆறு மில்லிமீற்றர் இடைவெளி சுண்டெலிக்கும், பன்னிரண்டு மில்லிமீற்றர் பெரிய எலிக்கும் போதுமானது என்பதால், அடைக்கும் வேலையைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தே செய்யவேண்டும். கூரையைத் தொடும் கிளையை வெட்டுவதும், இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவி வைப்பதும், மீந்த எலிகளுக்குச் சுவரோரமாகப் பொறி வைப்பதும் அதற்கடுத்தவை. லயன்களில் கூரைவரை சுவரை எழுப்புவது குடியிருப்பாளரின் கடமையன்று, தோட்ட நிர்வாகத்தின் கடமை. விற்பனையாளரின் கூற்றுகளைப் பரிசீலிக்க, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நமக்கு இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை அச்சட்டம் தடைசெய்கிறது. எலிக்காய்ச்சலும் டெங்குவும் மாறி மாறி வரும் இந்த மாவட்டத்தில், இப்பெட்டிகளில் அச்சிட்டிருப்பதற்கு ஆதாரம் எங்கே என்று அச்சபை இறக்குமதியாளரிடம் கேட்கவேண்டும். ஆதாரம் காட்டும்வரை அந்த வாசகங்களை அகற்றும்படி கட்டளையிடவேண்டும்.