செதுக்கோவியத்தை ரசிப்பது எப்படி: படத்தோடு அதன் பயணத்தையும் பாருங்கள்

1808ஆம் ஆண்டு லண்டனில் இலங்கை பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. தீவின் நிலக்காட்சிகள், விலங்குகள், குடிமக்கள் என்று தலைப்பிலேயே பொருளைச் சொல்லிவிட்ட அந்தப் புத்தகத்தில் 12 வண்ணப் படங்கள் இருந்தன. வரைந்தவர் சாமுவேல் டேனியல். படங்கள் லண்டனில் அச்சாகியபோது அவர் இந்தத் தீவில்தான் இருந்தார். ஆளுநர் மெயிட்லண்ட் காலத்தில் காடுகளைக் கவனிக்கும் உத்தியோகம் பார்த்து, 1811இல் இங்கேயே காலமானார். அந்தப் படங்கள் இன்று சில இடங்களில் புத்தகமாகவும், சில இடங்களில் தனித்தாளாகவும் சிதறிக் கிடக்கின்றன. இப்படியொரு பழைய செதுக்கோவியம் கண்ணில் பட்டால், "நன்றாக வரைந்திருக்கிறான்" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். அது பாதி ரசனைதான். அது யார் யார் கையில் இருந்தது, எங்கே காட்டப்பட்டது, வழியில் எதை இழந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ரசனை நிறைவு பெறுகிறது. அந்த வரலாறு பெரும்பாலும் தாளிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் செய்முறை. செப்புத் தகட்டின் மேல் மெழுகுக் கலவை பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத் தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தினால் கோடு தாளுக்கு ஏறும். இதுவே எட்சிங். டேனியலின் படங்கள் இதன் இன்னொரு வகையான அக்குவாடின்ட். இதில் தகட்டின் மேல் குங்கிலியத் தூளைப் படியவைத்துச் சூடாக்குவார்கள். துகள்களின் இடுக்குகளில் அமிலம் இறங்கும். அதனால் கோட்டுக்குப் பதிலாக நிழல்போன்ற பரப்பு கிடைக்கிறது. ஒரு பூதக்கண்ணாடியை வானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த இடம், வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றி ஓடும் மெல்லிய மை வலையாக விரியும். அதன் மேல் கையால் தீட்டிய நீர்வண்ணம் சில இடங்களில் எல்லை தாண்டி வழிந்திருக்கும். இந்த வலை கூர்மையாக, தெளிவாக இருந்தால் அது தொடக்கத்தில் எடுத்த பிரதி. மங்கிச் சமமாகியிருந்தால் தகடு தேய்ந்த பிறகு எடுத்தது. செம்பு மென்மையானது, அக்குவாடின்ட் தகடு சில நூறு பிரதிகளிலேயே களைத்துவிடும்.

அடுத்து ஓரங்கள். தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி ஒரு பள்ளமாக நிற்கும். விரலால் தொடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். படத்துக்குக் கீழே வரைந்தவர், வெளியிட்டவர், நாள் ஆகியவை சிறு எழுத்தில் இருக்கும். 1735இல் வந்த ஆங்கிலேயச் சட்டம் செதுக்கோவியருக்கு உரிமை கொடுத்தது. அந்த உரிமை வேண்டுமானால் நாளையும் பெயரையும் தகட்டில் பொறிக்க வேண்டும் என்றது. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகித ஆலையின் நீர்க்குறி தெரியலாம். வாட்மன் ஆலைத் தாள்களில் பெயரோடு ஆண்டும் இருப்பதுண்டு. படத்தின் கீழே ஓர் ஆண்டும் நீர்க்குறியில் அதற்குப் பிந்திய ஆண்டும் இருந்தால், பழைய தகட்டிலிருந்து பிறகு எடுத்த பிரதி அது என்று முடிவு செய்யலாம். சட்டகத்துக்குள் அடக்குவதற்காக ஓரத்தை வெட்டியவர்கள் இந்தச் சாட்சியங்களைத்தான் வெட்டி எறிந்தார்கள்.

பிறகு உடைமை. இத்தகைய புத்தகங்கள் விலை கூடியவை. பிரித்தானியச் செல்வந்தர் வீட்டு நூலகங்களே அவற்றின் முதல் இருப்பிடம். 20ஆம் நூற்றாண்டில் ஜே. ஆர். அபே என்ற ஆங்கிலேயர் வண்ணப் படங்கள் கொண்ட பயணநூல்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 1956–57இல் அவற்றுக்கு இரண்டு தொகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டார். அந்தச் சேகரிப்பை அமெரிக்கரான பால் மெலன் வாங்கினார். அவர் கொடையால் உருவாகி 1977இல் திறக்கப்பட்ட யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் அது இன்று இருக்கிறது. இது முழுமையாகக் காக்கப்பட்டதன் கதை. இன்னொரு கதையும் உண்டு. பல வியாபாரிகள் புத்தகத்தைப் பிரித்து, தாள் தாளாக விற்றார்கள். ஒருவர் மேசையில் விரித்துப் பக்கம் புரட்டிப் பார்த்த படம், விருந்தினர் கூடத்துச் சுவரில் அலங்காரமானது. முன்பின் படங்களோடு அதற்கிருந்த உறவு அறுந்தது. 1800 முதல் 1900 வரையிலான இலங்கை அச்சுப் படங்களைத் தொகுத்து ஆர். கே. டி சில்வா 1985இல் வெளியிட்ட நூல், இப்படிச் சிதறியவற்றை மறுபடி ஒன்றாக வைத்துப் பார்க்க உதவுகிறது. தாளின் பின்புறத்தில் சேகரித்தவரின் சிறு முத்திரையோ பென்சில் எண்ணோ இருந்தால் அதை அழுக்கென்று நினைக்காதீர்கள். பித்தளை வட்டாவில் வெட்டிய பெயர் அது எந்த வீட்டுச் சீதனம் என்று சொல்வதுபோல, அந்தக் குறி இந்தத் தாளின் வீட்டைச் சொல்லும்.

காட்சிக்கு வைக்கும் முறையும் ரசனையின் பகுதிதான். கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் ஆளுநர் கிரகரி காலத்தில் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் என்பது நம் முஸ்லிம் சமூகத்தார் பெருமையோடு சொல்வது. அங்கே கற்சிலையையும் வெண்கலத்தையும் ஆண்டு முழுதும் காட்டலாம். காகிதத்தை அப்படிக் காட்ட முடியாது. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறும். அதனால் உலகெங்கும் நூதனசாலைகள் அச்சுப் படங்களை 50 லக்ஸ் அளவு மங்கல் ஒளியில் சில மாதங்கள் காட்டிவிட்டு இருட்டறைக்குத் திருப்பிவிடுகின்றன. மங்கிய அறையைக் கண்டு குறைப்பட வேண்டாம்; அந்த மங்கல்தான் நீலத்தை நமக்காக வைத்திருக்கிறது.

"நூற்றுக்கணக்கில் அச்சான பிரதிக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கலாம். ஒரே தகட்டிலிருந்து வந்தாலும் ஒவ்வொன்றின் தேய்மானம், வண்ணம், வெட்டு, உடைமை வேறு வேறு. பிரதி என்பதாலேயே ஒப்பிட முடிகிறது. "இவை ஆட்சி செய்தவர்களின் கண்கள் கண்டவை" என்பது வலுவான ஆட்சேபம். அது உண்மையும்கூட: திருகோணமலைத் துறைமுகத்துக்கு இடம் கொடுத்த டேனியலின் புத்தகத்தில் அதே கிழக்கின் கல்முனையோ சம்மாந்துறையோ இல்லை. ஆனால் யாருக்காக வரைந்தார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்கும்போதுதான் அந்தப் பார்வையின் எல்லை தெரிகிறது. படத்தை மட்டும் பார்த்தால் அழகில் மயங்குவோம். பயணத்தையும் பார்த்தால் அழகையும் அதிகாரத்தையும் பிரித்தறிவோம். உயிருள்ளவற்றின் உருவத்தை வீட்டில் மாட்டத் தயங்குவோர் நம்மிடையே உண்டு. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. ரசிப்பதற்குச் சுவர் அவசியமில்லை, நிலக்காட்சிகளிலிருந்தே தொடங்கலாம். கைபேசித் திரை போதுமா என்றால், கோட்டுக்கும் புள்ளிக்கும் போதும். தகட்டுத் தடத்தின் ஆழம், நீர்க்குறி, தாளின் முதுகு ஆகியவற்றுக்கு அசல் வேண்டும்.

1978இன் சூறாவளியும் 2004 டிசம்பர் 26இன் சுனாமியும் இந்தக் கிழக்குக் கரையில் உயிர்களோடு உறுதிகளையும், கல்யாணப் படங்களையும், கிதாபுகளையும் கொண்டுபோயின. எஞ்சிய ஒரு தாளின் அருமையை இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, பழைய அச்சுப் படமோ வரைபடமோ உங்கள் வீட்டில், பள்ளிவாசலில், பாடசாலை அலுமாரியில் இருந்தால் ஓரத்தை வெட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்பதை ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி அதனோடு வையுங்கள். அடுத்து அதைப் பார்ப்பவர் முழுமையாக ரசிக்க அந்த இரண்டு வரி வேண்டும்.