இரவல் வட்டும் இணையத் திரையும்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 29ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நெற்பிளிக்ஸ் நிறுவனம், திரைப்பட இறுவட்டுகளை அஞ்சல்வழி இரவல் கொடுக்கும் தன் பழைய தொழிலை நிறுத்திக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுகளில் அவ்வாறு அனுப்பப்பட்ட வட்டுகள் 520 கோடிக்கு மேற்பட்டவை. பழைய கருவியொன்று வழக்கொழியப் புதியதொன்று அதனிடத்தைப் பெற்றது என்ற அளவிலேயே பலரும் இச்செய்தியைக் கண்டு கழித்தனர். மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்தமை போன்றதே இதுவும் என்பது அன்னாரின் கருத்து. கருவி மாறியமை உண்மையே. ஆயின், அக்கருவியோடு ஒரு சட்ட உரிமையும், அவ்வுரிமையைப் பற்றிப் படர்ந்த ஒரு கலைப் பயிற்சியும் உடன் சென்றன என்பது பெரிதும் நோக்கப்படவில்லை. திரைப்படத்தை ஒரு கலையாகக் கொண்டு ஆராயப் புகுவார்க்கு அதுவே தலையாய செய்தியாகும்.

வட்டை இரவல் கொடுத்தவர் யாரிடம் அனுமதி பெற்றார் என்னும் வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அவர் யாரிடமும் பெறவில்லை, பெறவேண்டியதும் இல்லை. 1908ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு நூல் வழக்கிலே இதற்குக் காரணம் கிடக்கின்றது. பொப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் தாம் வெளியிட்ட 'காஸ்ற்றவே' என்ற நாவலின் உள்ளே, ஒரு டொலருக்குக் குறைந்த விலைக்கு அதனை விற்பது பதிப்புரிமையை மீறுவதாகும் என அறிவித்தல் அச்சிட்டிருந்தனர். நியூயோர்க்கின் மேசி பெருங்கடையார் அதனைப் பொருட்படுத்தாது 89 சதத்துக்கு விற்றனர். ஒரு பிரதியை விற்றுக் கைவிட்ட பின்னர், அப்பிரதியின் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பதிப்புரிமை தருவதில்லை என மன்று தீர்த்தது. பின்னர் இவ்விதி சட்ட ஏட்டிலும் இடம்பெற்றது. பழைய புத்தகக் கடை, பொது நூலகம், வீடியோக் கடை ஆகிய மூன்றும் நிற்பது இந்த ஒரே நிலத்தின் மீதாகும். 1984இல் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடுதல் தனிச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. திரைப்படத் தயாரிப்பாளரும் அத்தகைய தடையையே வேண்டினர். காங்கிரஸ் சபை அதனை அளிக்கவில்லை. அன்று அளித்திருக்குமாயின் ஈண்டு ஆராய்தற்குரிய பொருளே தோன்றியிராது.

றீட் ஹேஸ்ரிங்ஸ், மார்க் றன்டோல்ப் ஆகிய இருவரும் 1997இல் இந்நிறுவனத்தைத் தொடங்கியபோது, டீ.வி.டீ. எனப்படும் இறுவட்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கனத்த வீடியோ நாடாவைப் போலன்றி, அது மெல்லியதோர் உறைக்குள் அடங்கிச் சாதாரணக் கடிதம்போல் அஞ்சலிற் செல்லவல்லது. 1998 ஏப்ரிலில் வியாபாரம் தொடங்கிற்று. மறுவருடம் மாதச் சந்தா முறை வந்தது. தாமதக் கட்டணம் என்பது அம்முறையில் இல்லை. கையிலுள்ள வட்டைத் திருப்பினால் அடுத்தது வரும், அவ்வளவே.

இவ்விடத்தில் வட்டுக் காலத்தைப் பொற்காலமாகப் புனைந்துரைக்கும் வழக்கத்துக்கு ஒரு தடை கூறவேண்டியுள்ளது. புளொக்பஸ்ரர் என்னும் பெருங்கடைத் தொடரைப் பற்றி இன்று எழுதப்படும் ஏக்க உரைகள் பல, உண்மையிற் கடையை அன்றி எழுதுவோரின் இளமையையே பற்றியன. 2004ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 9,000 கிளைகளைக் கொண்டிருந்த அத்தொடர், புதிய படமொன்றின் பல பிரதிகளை வரிசையாக அடுக்கிற்றேயன்றிப் பழைய படங்களுக்கு அளித்த இடம் சிறிது. தாமதக் கட்டணம் அதன் வருவாயில் ஒரு பெரும் பங்கு. 2010இல் அது முறிந்தபோது கலைக்கு நேர்ந்த இழப்பு மிகுதி என்று கூறுதல் அரிது.

அஞ்சல்வழி இரவலின் சிறப்பு வேறு. சிற்றூரிலுள்ள கடைக்காரர் அவ்வூரார் கேட்பதையே வாங்கிவைக்க முடியும். ஆண்டுக்கு ஒருவர் கேட்கும் யப்பானியப் படத்துக்கு அவர் தட்டில் இடம் ஒதுக்கின் நட்டப்படுவார். நாடு முழுவதற்கும் பொதுவான களஞ்சியம் ஒன்றிருந்தாலோ, அந்த ஒருவர் ஊருக்கு ஒருவராகப் பெருகிப் பல்லாயிரவர் ஆகிவிடுகிறார். வட்டின் விலையைக் கொடுத்து வாங்கினாற் போதும். உரிமையாளரோடு பேரம் பேசவேண்டியதில்லை. இவ்விரண்டும் சேர்ந்தமையாலேயே அதன் பட்டியல் ஓர் இலட்சம் தலைப்புகளுக்கு மேல் வளர்ந்தது. அவற்றுட் பெரும்பாலானவை எவருக்கும் வேண்டாதன என்று கூறலாம். நூலகங்களிலுள்ள நூல்களைப் பற்றியும் அவ்வாறு கூறலாம்.

அப்பட்டியலைச் சந்தாதாரர் பயன்படுத்திய முறையும் கவனித்தற்குரியது. அவர் தாம் காணவிரும்பும் படங்களை வரிசைப்படுத்தி எழுதிவைத்தார். களஞ்சியத்தார் அவ்வரிசையில் ஒவ்வொன்றாக அனுப்பினர். விருப்பத்துக்கும் காட்சிக்கும் இடையே சில நாள், சிலவேளை பல மாதம் கழிந்தது. அவ்விடைவெளியிலே மனிதர் தாம் பார்க்கவேண்டும் என எண்ணுவதையும் எழுதினர். பேர்க்மனின் படம் சிவப்பு உறை பிரிக்கப்படாமல் வாரக்கணக்கில் மேசையிற் கிடந்தது என்பது அக்காலத்தவர் தம்மையே பார்த்துச் சொல்லிக்கொண்ட பகடி. பகடியில் உண்மை உண்டு. எனினும், மேசையிற் கிடக்கும் வட்டு ஒரு கேள்வியாகக் கிடக்கின்றது. ஒன்றில் அதனைப் பார்க்கவேண்டும், அன்றேல் பாராமலே திருப்பித் தம் தோல்வியை ஒப்பவேண்டும். இணையத் திரையில் அத்தகைய கேள்விக்கு இடமில்லை. பிடிக்காத படத்தைப் பத்தாம் நிமிடத்தில் விட்டு வேறொன்றுக்குத் தாவலாம். எவரும் எதையும் திருப்பவேண்டியதில்லை.

இம்மாற்றத்துக்கு நிறுவனத்தின் வரலாற்றிலேயே நல்ல சான்று ஒன்று உளது. சந்தாதாரர் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டு மதிப்பிட்டனர். அவர் அடுத்த படத்துக்கு இடப்போகும் மதிப்பை, அப்போதிருந்த முறையினும் நூற்றுக்குப் பத்துப் பங்கு திருத்தமாக முன்கூட்டிக் கணிப்பார்க்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. 17,770 படங்களுக்கு இடப்பட்ட பத்துக் கோடி மதிப்பீடுகள் ஆராய்ச்சியாளர் கையில் ஒப்படைக்கப்பட்டன. 2009இற் பரிசும் வழங்கப்பட்டது. ஆனால், வென்ற முறை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அதனைச் செயற்படுத்தும் உழைப்புக்கு ஏற்ற பயன் இல்லை என்பதும், தொழில் இதற்குள் இணைய வழிக்குத் திரும்பிவிட்டது என்பதும் 2012இல் நிறுவனத்தாரே கூறிய காரணங்கள். 2017இல் நட்சத்திரங்களும் நீக்கப்பட்டுக் கட்டைவிரலை உயர்த்தலும் தாழ்த்தலுமே எஞ்சின. பார்த்து முடித்தபின் ஒருவர் நிதானித்துச் சொல்லும் தீர்ப்பினும், எவ்விடத்தில் நிறுத்தினார், எதனைத் தொடர்ந்தார் என்னும் நடத்தையே விலைமதிப்புள்ள செய்தியாயிற்று. திறனாய்வின் மிக எளிய வடிவம் அந்த ஐந்து நட்சத்திரம். அதனை நுண்மையற்றது என்று பழித்த திறனாய்வாளர், அதன் இடத்துக்கு வந்ததைக் கண்டபின் தம் சொல்லை மீட்டுக்கொள்ள நேரும்.

இணைய வழி 2007 ஜனவரியில் ஏறத்தாழ 1,000 தலைப்புகளோடு திறந்தது. அத்தொகை ஏன் அவ்வளவு சிறிது? வட்டை வாங்கியவர் அதற்கு உடையவர் ஆகிறார். இணையத்திற் படத்தைக் காட்டுபவரோ எதனையும் வாங்கவில்லை, குறித்த காலத்துக்குக் காட்டும் அனுமதியை மாத்திரம் பெறுகிறார். 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பு அங்கே செல்லாது. எனவே ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரிடம் கைகட்டி நிற்கவேண்டியதாயிற்று. ஸ்ரார்ஸ் நிறுவனத்தோடு 2008இற் செய்த உடன்படிக்கையால் வந்த படங்கள் 2012 பெப்ரவரியில் உடன்படிக்கையோடு மறைந்தன. டிஸ்னி நிறுவனம் 2019 நவம்பரில் தனக்கென ஒரு வாயிலைத் திறந்தது. ஏனைய தயாரிப்பாளரும் அவ்வழியே சென்றனர். 2011இல் வட்டுக்கும் இணையத்துக்கும் தனித்தனிச் சந்தா விதித்து, வட்டுப் பகுதியைக் 'குவிக்ஸ்ரர்' என்ற பெயரிற் பிரித்துவிடவும் நெற்பிளிக்ஸ் முயன்றதும், எட்டு இலட்சம் சந்தாதாரரை ஒரே காலாண்டில் இழந்ததும், பிரிக்கும் திட்டத்தை ஏறத்தாழ மூன்று வாரத்திற் கைவிட்டதும் வியாபார ஏடுகளில் விரிவாக எழுதப்பட்டவை. இங்கு விரித்தல் வேண்டா. தம்முடையதல்லாத படங்களை நிலையாக வைத்திருக்க இயலாத நிறுவனம் தம்முடையவற்றை ஆக்கத் தொடங்கியது என்பதே வேண்டற்பாலது. 2013இல் 'ஹவுஸ் ஒப் காட்ஸ்' தொடரின் பதின்மூன்று பகுதிகளும் ஒரே நாளில் வெளியாயின.

அவ்வாக்கங்களிற் சில போற்றத்தக்கன. ஓர்சன் வெல்ஸ் 1970களிற் படமாக்கி முடிக்காது விட்ட 'த அதர் சைட் ஒப் த விண்ட்' 2018இல் நெற்பிளிக்ஸின் பொருளுதவியாலேயே நிறைவுபெற்றது. பழைய ஹொலிவூட் நிலையங்கள் அதனைச் செய்யவில்லை. கொரிய மொழித் தொடரொன்று ஒரே வாரத்தில் உலகெங்கும் பார்க்கப்படுவது வட்டுக் காலத்தில் நினைக்கவும் கூடாதது. 2016 ஜனவரியில் 130 நாடுகளுக்கு இச்சேவை ஒருங்கே விரிந்தபோது இலங்கையும் அதனுள் அடங்கியது. அஞ்சல்வழி வட்டை ஒருபோதும் கண்டிராத இலங்கையர், கதையின் பின்பாதியிலேயே அறிமுகமாயினர். ஆதலால் முன்பாதியில் இருந்து பின்பாதியில் இல்லாமற் போனது யாது என்பது இங்குள்ளார்க்குத் தானாகத் தோன்றாது.

இல்லாமற் போனது மறுபார்வைக்கான உறுதி. டிஸ்னி நிறுவனம் சந்திரனைக் களமாகக் கொண்ட 'கிரேற்றர்' என்னும் சிறுவர் படத்தை 2023 மே 12இல் தன் இணைய வாயிலில் வெளியிட்டு, ஜூன் 30இல் நீக்கிற்று. ஆக்கியோர் பல்லாண்டு உழைத்த படம் அங்கு ஏழு வாரம் இருந்தது. வேறொருவரின் உடன்படிக்கை முடிந்தமையால் அன்று; உடையவரே கணக்குப் பார்த்து எடுத்துவிட்டார். முந்திய மாரியில் வெளியான 'வில்லோ' தொடருக்கும் அவ்வாண்டு மே மாதத்தில் அதுவே நேர்ந்தது. அப்படம் நல்லதா தீயதா என்பது வேறு. தீயது என்று எழுதிய திறனாய்வாளரின் கூற்றைச் சரிபார்க்க விரும்புவார் நாடிய இடத்தில் அது இல்லை. எதிர்வாதம் செய்ய இயலாத தீர்ப்பு திறனாய்வு ஆகாது. அது வதந்தியோடு ஒக்கும்.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடர் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தமைக்குக் காரணம், அதன் ஏடுகள் பல இடங்களில், பலர் கையில், எவருடைய அனுமதிக்கும் காத்திராமற் கிடந்தமையே. பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபட்டது, செல் அரித்தது, ஓரம் முரிந்தது. ஆயினும் ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் எஞ்சிற்று. இணையத் திரையிற் பிழையற்ற ஒரே பாடம் கோடி வீடுகளிற் காட்டப்படுகின்றது. வைக்கப்பட்டிருப்பதோ ஒருவர் வீட்டில்.

இணையப் படங்களை ஆக்கியோரே இதனை உணர்ந்தனர் எனக் கொள்ள இடமுண்டு. அல்போன்சோ குவாரோனின் 'றோமா', மார்ற்றின் ஸ்கோர்செசேயின் 'த ஐரிஷ்மன்' ஆகிய இரண்டும் நெற்பிளிக்ஸுக்காக வெளிவந்தவை. இரண்டும் 2020ஆம் ஆண்டிற் கிரைற்றீரியன் வெளியீடாக இறுவட்டில் வந்தன. வட்டை வழக்கொழித்த நிறுவனத்தின் தலைசிறந்த படங்கள் வட்டிலே புகலடைந்தமை நகைப்புக்குரியதன்று.

இரவற் கடைகள் முற்றும் அழிந்துவிடவில்லை. சியாற்றில் நகரின் ஸ்கெயர்குறோ வீடியோ 2014இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறி ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தலைப்புகளைப் பேணுகின்றது. நியூயோர்க்கின் கிம்ஸ் வீடியோ மூடப்பட்டபோது அதன் 55,000 படங்கள் 2009இற் சிசிலித் தீவின் சலேமி என்னும் ஊருக்குக் கப்பலேறின. யாவர்க்கும் திறந்து வைக்கப்படும் என்ற வாக்குறுதி அங்கே நிறைவேறவில்லை. பல்லாண்டு பூட்டிக்கிடந்தபின் 2022இல் அத்தொகுதி மான்ஹற்றன் தீவுக்கு மீண்டு, ஒரு திரையரங்கின் முன்கூடத்தில் மறுபடியும் இரவலுக்கு வைக்கப்பட்டது. பூட்டிக்கிடந்த பொருளாயினும் பொருளாக இருந்தமையால் அதனை மீட்க முடிந்தது.

நெற்பிளிக்ஸ் நிறுவனம் தன் வட்டுத் தொழிலை மூடும் வேளையில், எஞ்சியிருந்த சந்தாதாரர்க்கு, அவர்தம் வரிசையிலிருந்து பத்து வட்டுகள் வரை மேலதிகமாக வந்து சேரக்கூடும் என அறிவித்தது. கடைசியாக வந்த வட்டுகளைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை என்றும் சொல்லப்பட்டது. கால் நூற்றாண்டாக இரவலாகச் சென்று மீண்ட வட்டுகளில் அவை மாத்திரம் பெற்றவர் வீட்டிலே தங்கிவிட்டன.