வருவாய் முனைவாக்கம்: ஒரு கலைச்சொல்லின் பொருள் எல்லை

வருவாய்ப் பகிர்வு குறித்த எழுத்துகளைத் தமிழாக்கும்போது ‘ஏற்றத்தாழ்வு’, ‘முனைவாக்கம்’ ஆகிய இரண்டையும் ஒருபொருட்பன்மொழியாகக் கருதி, பழகிய சொல்லாகிய ஏற்றத்தாழ்வையே இரண்டிற்கும் இடுவது எளிது. ஆனால் இவை வெவ்வேறு கருத்துகள் என்பதைப் புள்ளியியல் அளவைகளே மெய்ப்பிக்கின்றன.

அறுவரின் வருவாய் 1, 2, 3, 4, 5, 6 ரூபாய் எனக் கொள்க. 3 ரூபாய் உடையவர் 1 ரூபாய் உடையவருக்கும், 6 ரூபாய் உடையவர் 4 ரூபாய் உடையவருக்கும் ஒவ்வொரு ரூபாய் அளித்தால், மூவர் 2 ரூபாயிலும் மூவர் 5 ரூபாயிலும் நிற்பர். மிக்கவரிடமிருந்து குறைந்தவருக்குச் சென்றமையால் ஏற்றத்தாழ்வு தணிகிறது. ஜினிக் கெழு 0.278-இலிருந்து 0.214-ஆக இறங்குகிறது. ஆயினும் இடைப்பட்டோர் மறைந்து, அறுவரும் இரு அணிகளாகப் பிரிந்துவிட்டனர்.

இப்பிளவை அளக்கவே எஸ்தெபான், தேப்ராஜ் ரே ஆகியோர் 1994-இல் ஓர் அளவையை அமைத்தனர். தொகுதிகளுக்கிடையிலான வருவாய் இடைவெளி அயன்மை உணர்வையும், தொகுதியின் அளவு உள்ளொற்றுமை உணர்வையும் குறிக்கும். உள்ளொற்றுமைக்குரிய அடுக்கு 0 ஆயின் அளவை ஜினியின் இயல்பையே பெறும். அதனை 1 எனவும், பெருக்கு மாறிலியை 1 எனவும் கொண்டால், மேற்கண்ட மாற்றத்தில் மதிப்பு 0.324-இலிருந்து 0.75-ஆக உயர்கிறது.

அதே 1994-இல் வுல்ஃப்சன் தந்த அளவை மொழிபெயர்ப்பாளரை நேரடியாகச் சோதிப்பது. கீழ்ப்பாதியினரின் வருவாய்ப் பங்கு குறையுந்தோறும் கூடும் ஒரு மதிப்பிலிருந்து ஜினிக் கெழு அதில் கழிக்கப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அப்பங்கு மாறவில்லை; ஜினி மட்டுமே குறைந்தது; ஆதலின் அளவு உயர்கிறது. இரண்டிற்கும் ஒரே சொல்லை ஆண்டால், ‘ஏற்றத்தாழ்வு குறைந்ததால் ஏற்றத்தாழ்வு மிகுந்தது’ என்னும் பொருளற்ற தொடரே எஞ்சும்.

‘இருமுனைவாக்கம்’ என்பதும் எங்கும் பொருந்துவதன்று. நடுவிலிருந்து இரு பக்கமும் விலகுவதை அளக்கும் வுல்ஃப்சனுக்கு அது தகும். எஸ்தெபான்–ரே அளவையோ பல தொகுதிகளுக்கு இடந்தருவது. மக்கள் சரிபாதியாக இரு கடைமுனைகளில் நிற்கும்போது அதன் மதிப்பு உச்சமடைகிறது என்பது அதன் முடிபேயன்றி வரையறையன்று. ஒளியியலில் வழங்கும் ‘தளவிளைவு’ இங்கு முற்றிலும் ஒவ்வாது.

எனவே பொதுக்கருத்திற்கு ‘முனைவாக்கம்’, வுல்ஃப்சனின் சிறப்புக்கருத்திற்கு ‘இருமுனைவாக்கம்’, ஜினி அளப்பதற்கு ‘ஏற்றத்தாழ்வு’ என வரையறுத்தல் தகும். இவ்வரையறை இன்றேல், பிளவுபடும் சமூகத்தைச் சமன்படும் சமூகமெனத் தமிழ் வாசகர் பிறழ உணர நேரும்.