நீர்மேல் ஒளி: லெ கிரேயின் கடற்படங்களும் சிவகாசி நாட்காட்டி அச்சும்

சிவகாசி நாட்காட்டிகளில் தெய்வங்களுக்குப் பின்னே விரியும் கடலும் பொய்கையும் இயற்கைக்குப் புறம்பானவை என்னும் குறை எளிதில் கூறப்படுவது. வானில் ஒரு பொழுதின் ஒளி. நீரில் வேறொரு பொழுதின் ஒளி. ஒளிப்படத்தை அளவுகோலாகக் கொண்டே இக்குறை கூறப்படுகின்றது. அவ்வளவுகோல் உருவான வரலாற்றை நோக்கின் குறையின் வலு பெரிதும் தளர்கின்றது.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் நார்மண்டி, மத்தியதரைக் கடற்கரைகளில் எடுத்த படங்களே தொடக்ககாலக் கடற்படங்களுள் தலையாயவை. அன்றைய கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். கடலுக்குப் போதுமான அளவு ஒளி விடின் வானம் மிகைப்பட்டு, அச்சில் வெறுமையாகிவிடும். எனவே செத் நகரில் எடுத்த ‘பேரலை’ படத்தில் அவர் வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களைத் தொடுவானில் இணைத்து அச்சிட்டார். ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களின்மேல் பயன்படுத்தியதும் உண்டு. நிலவொளிக் காட்சியாகப் பலரும் கொண்ட அவரது பாய்க்கப்பல் படமோ பகலில் எடுக்கப்பட்டது. ஆக, உண்மைக்குச் சான்றெனப்படும் கடற்படமும் தொடக்கத்திலேயே ஒட்டுவேலையை அறிந்திருந்தது.

இவ்வொட்டுவேலை பிரான்சோடு நிற்கவில்லை. லெ கிரே 1851இல் விளக்கிய மெழுகுத்தாள் முறையைக் கையாண்டவர்களுள் ஒருவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக விளங்கிய லின்னேயஸ் டிரைப். 1858இல் அவர் எடுத்த மதுரைப் படங்களுள் வைகையும் அதன் தரைப்பாலமும் அடங்கிய காட்சியும் ஒன்று. தாள் நெகட்டிவ்களின்மீது நிறமி பூசி வானில் மேகங்களை வரைந்து சேர்ப்பது அவர் வழக்கம். பூச்சு ஒளியைத் தடுக்குமாதலால் அவ்விடம் அச்சில் வெளிறித் தோன்றும். இது ஓவியனின் கைவேலையன்றி வேறென்ன?

சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டி முகப்புகளையும் பட்டாசு உறைகளையும் சார்ந்து வளர்ந்தது. தீக்குச்சி மருந்து உலர ஏற்ற வறண்ட காற்று, ஈரத்தில் விரியும் தாளுக்கும் உகந்ததாயிற்று. மழை குறைந்த ஊர் கடல்களை அச்சிட்டது! கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வ ஓவியங்கள் இங்கு நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு அச்சேறின. வழக்கமான நான்கு நிற அச்சில் வெள்ளை மை கிடையாது. நீரின் மினுக்கம் மை படாமல் விடப்பட்ட தாளே. லெ கிரேயின் அலைநுனியிலும் வெள்ளி கருக்காத தாள்தான் ஒளியாகின்றது. இதனைத் தாக்கம் எனல் பொருந்தாது; ஒரே சிக்கல் ஈரிடத்தும் ஒத்த விடையைப் பெற்றது எனலே தகும்.

வேறுபாடு இணைப்பை நடத்தும் முறையில் உள்ளது. லெ கிரே தொடுவானில் அதனை மறைக்கின்றார். இரு பொழுதுகளை ஒன்றெனப் பார்வையாளர் நம்பவேண்டும். நாட்காட்டி ஓவியன் மறைப்பதில்லை. தெய்வத்தின் திருமேனியும் ஒளிவட்டமுமே அங்கு ஒளிக்கு மூலம். கதிரவன் வானில் இருப்பினும் அது அணியே. நீர் அத்திருமேனிக்கு எதிரொளி தருகின்றது என்று கொண்டால், ‘தவறான திசை’ என்னும் குற்றச்சாட்டு பொருளிழக்கும்.

இதனால் எல்லா நாட்காட்டிக் கடல்களும் நல்லன என்றாகாது. அண்மையிலும் சேய்மையிலும் ஒரே அளவான வெண்கீற்றுகளை வரிசையாக இட்டு நிரப்பிய படங்கள் பல. அவற்றில் நீர் கிடக்கையாக விரியாமல் திரைச்சீலைபோல் நிமிர்ந்து நிற்கின்றது. தெய்வத்தின் ஒளியும் அதன்மேல் படர வழியில்லை. கண்டிக்கத்தக்கது இச்சோம்பலே.