போலோ ஜிடியும் ஒரு வாரண்டிப் பத்திரமும்

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி என்று 2013-இல் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஷோரூம் விலையில் வந்து இறங்கியபோதே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 2020-இல் பிஎஸ்6 விதிகள் வந்தபோது அந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் விடைபெற்றன. 2022-இல் போலோவையே நிறுத்தினார்கள். அதற்காக அந்தக் கம்பெனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சில மாதங்களாக ஓட்டிவரும் ஒரு ஜிடியையும், அதோடு சேர்த்து என் தலையில் கட்டப் பார்க்கும் எக்ஸ்டெண்டெட் வாரண்டியையும்.

இதையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாய் என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2010-இலிருந்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ‘போலோ கப்’ பந்தயம் ஓடியது இந்தப் பெயரை வைத்துத்தான். உலக ராலியில் 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை செபாஸ்டியன் ஓஷியே வென்றதும் ஒரு போலோவில்தான். சம்பளக்காரன் வாங்கக்கூடிய வேகம் நம் நாட்டில் இந்த அளவில்தான் கிடைத்தது.

வண்டி ஏபி 03. ஆந்திராவில் 2019-இல் மாநிலம் முழுக்க ஏபி 39 என்று ஆகிவிட்டதால், பழைய சித்தூர் மாவட்ட எண்ணைப் பார்த்ததுமே வண்டியின் வயதை யாரும் ஊகித்துவிடலாம். வாரண்டி விற்பவரும் ஊகித்துவிட்டார். “பழைய வண்டி சார், ஐரோப்பிய வண்டி வேற” என்று ஆரம்பித்தார்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் புதிய அகலச் சாலையில், காணிப்பாக்கம் பிரிவு தாண்டிக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏழாவது கியரிலிருந்து நான்காவதுக்கு வண்டி நழுவுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. சந்திரகிரிக் கோட்டை வந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கும். எந்தப் புது ஆட்டோமேடிக்கிலும் இந்த ருசி இல்லை. பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது, பாட்டில் வைக்க உருப்படியான இடமில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த புலம்பல்.

விஷயம் அந்த கியர்பாக்ஸ்தான். டிக்யூ200 என்பது அதன் பெயர், 2008-இல் வந்தது. இரண்டு கிளட்ச்: ஒன்று 1, 3, 5, 7-க்கு, மற்றொன்று 2, 4, 6-க்கும் ரிவர்ஸுக்கும். இதற்கு அண்ணனான ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும், சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். இதில் உலர் கிளட்ச். எடை குறைவு, மைலேஜ் அதிகம், சூடு போக வழி கம்மி. இரண்டு கிளட்சையும் மாற்றி மாற்றி இயக்கும் மூளையும் கையும் சேர்ந்த பெட்டிக்கு மெக்கட்ரானிக்ஸ் என்று பெயர். எலக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட், ஆயில் பம்ப், வால்வுகள், அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் அக்யுமுலேட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். அக்யுமுலேட்டர் பொருந்தும் இடத்தில் அலுமினிய உடல் விரிசல் விட்டால் எண்ணெய் அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லையென்றால் கிளட்ச் பிடிக்காது. இன்ஜின் ஜோராக ஓடும், வண்டி நகராது.

இது தயாரித்தவருக்குத் தெரியாத ரகசியமல்ல. சீனாவில் 2012-இல் டிஎஸ்ஜிக்கு மட்டும் 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று வாரண்டியை நீட்டினார்கள். 2013 மார்ச்சில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விஷயத்தைக் கையில் எடுத்ததும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களில் இந்த ஏழு கியர் பெட்டியின் எண்ணெயை மாற்ற உத்தரவு போனது. சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓடும்போது, செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வருகிறது என்பது காரணம். சூடு, ஈரப்பதம், நின்று நின்று ஓடுவது. இது யார் ஊரின் வர்ணனை என்று ரேணிகுண்டாவில் மே மாதம் கார் ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

என் வண்டியில் இதுவரை எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் வாரண்டி விற்பவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது.

பயம் எங்கே வருகிறது என்றால் திருமலைப் பாதையில். 1944-இல் திறந்த பழைய மலைப்பாதையில் இப்போது இறங்க மட்டும்தான் செய்கிறோம். ஏறுவது 1974-இல் வந்த இரண்டாவது பாதையில். அடிவாரத்தில், அலிபிரியில், நேரம் குறித்த சீட்டு கொடுப்பார்கள். 28 நிமிடத்துக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தால் அபராதம். இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். வேகமாகப் போனதற்கு ஜிடிக்காரன் தண்டம் கட்டுகிற சாலை. ஆனால் உலர் கிளட்சுக்கு எதிரி வேகம் இல்லை, மெதுவாகப் போவதுதான். பேருந்துக்குப் பின்னால், ஏற்றத்தில், நடை வேகத்தில் ஊர்ந்தால் முதல் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே போகும். சனிக்கிழமையிலோ பிரம்மோற்சவ நாட்களிலோ அது எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் செய்வது இது: பேருந்துக்கும் எனக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுவேன், பிரேக்கை முழுக்க மிதித்து நிற்பேன் (அப்போது கிளட்ச் விலகிவிடும்), இடம் திறந்ததும் ஒரே மூச்சாக ஏறி மறுபடி நிற்பேன். கியரை மேனுவலில் போட்டுவிட்டால் 1-2-1 என்று அது தடுமாறுவதும் குறையும். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், கிளட்சுக்குப் பணம் கட்டப்போவது அவரில்லை. ஜூன், ஜூலையில் மாங்கூழ் ஆலைகளுக்கு வெளியே டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும்போது சித்தூர்ப் பக்கச் சாலைகளிலும் இதே கதைதான். தோத்தாபுரி வாசனை மட்டும் உபரி.

ஆக, இந்த வண்டிக்கு வாரண்டி வாங்குவதா என்ற கேள்வி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இன்ஜினுக்காக எனக்கு வாரண்டி தேவையில்லை. ஏசி கம்ப்ரஸர் போனால் கைக்காசு போட்டுக்கொள்வேன். மெக்கட்ரானிக்ஸும் கிளட்ச் செட்டும் போனால்தான் வீட்டில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டிவரும். புது மெக்கட்ரானிக்ஸ் மட்டுமே லட்சத்தைத் தாண்டும். கிளட்சை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்குத் தனி டூல், அந்த டூலைக் கையாளத் தெரிந்த ஆள்.

இனி பத்திரத்துக்கு வருவோம். கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் பத்திரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலவே இருக்கின்றன. ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. முதல் பக்கத்தில் பச்சை டிக் அடித்த பட்டியல்: இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், ஏசி. ஆறாம் பக்கத்தில்தான் உண்மை தொடங்குகிறது. ‘கியர்பாக்ஸ்’ என்றால் உள்ளே எண்ணெயில் ஓடும் பல்சக்கரங்களும் ஷாஃப்டுகளும் பேரிங்குகளும். கிளட்ச் தேய்மானப் பொருள், சேராது. எலக்ட்ரானிக் யூனிட்டுகளில் இன்ஜினுடையதும் ஏர்பேக்குடையதும் பெயர் சொல்லப்பட்டிருக்கின்றன. மெக்கட்ரானிக்ஸ் என்ற பெயரே எங்கும் இல்லை. இந்தப் பெட்டியில் பல்சக்கரம் உடைந்து நான் இன்னும் கேள்விப்படவில்லை. கேள்விப்படுவதெல்லாம் மற்ற இரண்டும்தான்.

போனில் கேட்டேன்.

“கியர்பாக்ஸ் முழுக்க கவர் ஆகும் சார்.”

“மெக்கட்ரானிக்ஸ்?”

“அதுவும் கியர்பாக்ஸ்லதானே சார் இருக்கு?”

“எழுத்துல குடுப்பீங்களா?”

“மெயில் போடச் சொல்றேன் சார்.”

மெயில் வந்தது. ‘பழுதின் தன்மையை எங்கள் மதிப்பீட்டாளர் ஆய்வு செய்த பிறகே முடிவு செய்யப்படும்’ என்கிற பொருளில் ஒரு பத்தி. அந்த ஆய்வுக்காகக் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கும் கூலி என் கணக்கில். கிளெய்ம் ஏற்கப்பட்டால் திரும்பி வரும், இல்லையென்றால் மறுபடி பூட்டும் கூலியும் சேர்த்து என் கணக்கில்.

எனக்குத் தாங்காதது இன்னொன்று. இந்த வேலைக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளும் பட்டறைகள் சென்னையிலும் பெங்களூரிலும்தான். சித்தூரிலிருந்து அது நூற்றைம்பதும் நூற்றெண்பதுமாகிற கிலோமீட்டர். பத்திரத்தில் டோயிங் இலவசம், 50 கிலோமீட்டர் வரை. வேலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொக்கியைக் கழற்றிவிடுவார்களோ? பெருநகரக்காரனுக்கு எழுதிய பத்திரம் இது. கடைசியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது, மலைச்சாலைப் பயணத்தைத் தனியாகச் சேர்க்கவோ விலக்கவோ இல்லை. ‘அதீதப் பயன்பாடு’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மாதம் ஒருமுறை திருமலை ஏறுவது அதீதமா என்று மதிப்பீட்டாளர்தான் சொல்ல வேண்டும்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பம்பர் டு பம்பர் எடுத்திருக்கிறேன், எல்லாம் கவர் ஆகும் என்று நம்புகிறவர்கள் ஊரில் ஏராளம். மோட்டார் பாலிசியில் தேய்மானமும், இயந்திர, மின் பழுதும் நேரடியாகவே விலக்கப்பட்டவை. இன்ஜின் புரொடெக்ட் போட்டால் தண்ணீர் புகுந்த சேதத்துக்கு வழி உண்டு. 2021 நவம்பரில் திருப்பதி நகரம் மூழ்கியபோது அதன் அருமை தெரிந்தது. எக்ஸ்டெண்டெட் வாரண்டியோ வெள்ளத்தைத் தொடவே தொடாது. இங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் சீட்டின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது எந்தப் பத்திரத்தையும்விட நல்லது.

சண்டை வந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான விவகாரத்தை மாவட்டத்திலேயே கேட்பார்கள். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆனால் சேவைக் குறைபாடு என்றால்தான் மாவட்டம். இந்த ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், அதாவது விஜயவாடாவுக்கு. கியர்பாக்ஸ் போன காரை வைத்துக்கொண்டு விஜயவாடாவுக்கு ரயிலில்தான் போக வேண்டும்.

எல்லா எக்ஸ்டெண்டெட் வாரண்டியையும் சேர்த்து நான் ஏசவில்லை. கார் கம்பெனியே, முதல் வாரண்டி உயிரோடு இருக்கும்போது விற்கும் நீட்டிப்பு வேறு ஜாதி. எந்த அங்கீகாரச் சர்வீஸ் சென்டரிலும் செல்லும், கை மாறினாலும் பெரும்பாலும் வண்டியோடு போகும். ஃபோக்ஸ்வாகன் 2019-இல் நான்கு ஆண்டு வாரண்டியை வழக்கமாக்கியது. கடைசி வரிசையில் வந்த ஜிடியை அதோடு நீட்டிப்பும் வாங்கி வைத்திருந்த ஒருவரிடமிருந்து நீங்கள் வாங்கியிருந்தால், அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லுங்கள். என் வண்டி அதற்கு முந்தையது. எனக்கு மூன்றாம் ஆளின் பத்திரம்தான் கதி.

வாரண்டிக்குக் கேட்ட காசில் ஒரு பகுதியை வைத்துச் சென்னையில் டிஎஸ்ஜி மட்டுமே பார்க்கும் ஒரு தனிப் பட்டறையில் வண்டியை ஸ்கேன் செய்தேன். இரண்டு கிளட்சிலும் எவ்வளவு மீதம் என்பதற்கான அடாப்டேஷன் எண்களைப் படித்து, பேசிக் செட்டிங் செய்து கொடுத்தார்கள். அக்யுமுலேட்டர் பக்கம் விரிசல் விட்டால் மெக்கட்ரானிக்ஸைத் தூக்கி எறியாமல் அந்த உடலை மட்டும் மாற்றும் வழியும் இருக்கிறது என்றார் மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்காமலேயே. “சார், இத வருஷத்துக்கு ஒருவாட்டி பாத்துக்கிட்டீங்கன்னா திடீர்னு நிக்கிறது கொறையும்” என்றார். குறையும் என்றுதான் சொன்னார், நிற்காது என்று சொல்லவில்லை. வாரண்டி விற்பவரைவிட அவரை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரண்டி கம்பெனிக்குப் பதில் எழுதிவிட்டேன். ‘மெக்கட்ரானிக்ஸ் யூனிட், அதன் அக்யுமுலேட்டர், இரட்டைக் கிளட்ச் ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்படுகின்றன, சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலிருந்து பட்டறை வரை டோயிங் முழுவதும் கம்பெனியின் பொறுப்பு’ என்று பத்திரத்தில் சேர்த்தால் அன்றைக்கே பணம் கட்டுகிறேன் என்று. பிறகும் போன் வந்தது. தள்ளுபடியை 15 சதவீதமாக்கியிருக்கிறார்கள். நான் சேர்க்கச் சொன்ன வாசகத்தைப் பற்றிப் பேச்சில்லை.