கல்லில் ஆடுபவளும் களரியில் ஆடாதவளும்

திருவண்ணாமலைக் கோயிலின் கீழைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்காதவர் இல்லை. பதினொரு நிலைகள், 217 அடி உயரம், விசயநகர வேந்தன் கிருட்டிணதேவராயன் காலத்தில் தொடங்கி, தஞ்சை நாயக்கன் சேவப்பன் காலத்தில் முடிந்த கட்டடம். உயரத்தைக் கண்டு வியப்போர் ஆயிரவர். ஆனால், வாயிலில் நுழையும்போது இருமருங்கும் திரும்பி நோக்குவோர் எத்தனை பேர்? நோக்கினால், அங்கே கல்லிலே ஆடும் மகளிரைக் காணலாம். கால் தூக்கியும், இடை வளைத்தும், கை வீசியும், கரணங்கள் எனப்படும் 108 ஆடல் நிலைகளையும் வரிசை வரிசையாகக் காட்டி நிற்கின்றனர் அவர்கள். தில்லையிலும், குடந்தைச் சாரங்கபாணி கோயிலிலும், விருத்தாசலத்திலும் இத்தகைய வரிசைகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 நிலைகளோடு உளி ஓய்ந்துவிட்டது. எஞ்சிய கற்கள் இன்றும் வெறுமையாக நிற்கின்றன.

கல்லிலே பெண் ஆடினால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது இந்தச் சமுதாயம். கலையின் சிகரம் என்கிறது; முன்னோர் பெருமை என்கிறது. அதே பெண் உயிரோடு எழுந்து வந்து ஆடினால்? அங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

உயிரோடு ஆடிய பெண்ணைக் கோயில் எப்படி நடத்திற்று என்பதை நாம் அறிவோம். இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கென 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான் என்று கல்வெட்டே கூறுகிறது. பிற்காலத்தில் பொட்டுக் கட்டி, கடவுளின் பெயரால் மைனர்களுக்கு இரையாக்கிய கொடுமையை, அந்தக் குலத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவலாகவே எழுதி நாட்டின் முகத்தில் எறிந்தார். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் சட்டம் வந்தது, பொட்டு ஒழிந்தது. அது நம் இயக்கம் நெஞ்சு நிமிர்த்திக் கொண்டாட வேண்டிய வெற்றி. அதே காலத்தில், சதிர் என்று இழித்துரைக்கப்பட்ட ஆட்டம் 1932இல் சென்னைச் சங்கீத வித்துவசபையில் பரதநாட்டியம் என்ற புதுப்பெயர் பெற்றது. 1936இல் கலாசேத்திரம் எழுந்தது. கற்பிக்கப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் வேண்டியிருந்தனர். மேடையேறவோ உயர்குலப் பெண்கள் வந்தனர். இழிவைச் சுமந்தவர் ஒரு கூட்டம்; பெருமையை அறுவடை செய்தவர் மற்றொரு கூட்டம்!

சபாக்களின் கதை அவ்வளவில் நிற்கட்டும். அதைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் திறனாய எடுத்துக்கொண்டது, சபாவும் இல்லாமல், சன்னிதியும் இல்லாமல், நெல் அறுத்த வயலிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் விடிய விடிய ஆடப்படும் ஆட்டத்தை. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவரும் ஓர் ஊரை. அந்த ஊரும் திருவண்ணாமலை மாவட்டத்ததே. 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தபோது இம்மாவட்டத்தோடு வந்த செய்யாற்றுப் பகுதியில் இருக்கிறது புரிசை என்னும் சிற்றூர். தெருக்கூத்து என்றால் புரிசை, புரிசை என்றால் தம்பிரான்கள் என்று சொல்லும்படி, ஐந்து தலைமுறையாக அங்கே ஒரு குடும்பம் கூத்தை ஆடியும் கற்பித்தும் வருகிறது. நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் ஆகியோர் பெயர் நாடறிந்தது. கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தன் இன்றைய தலைமுறையின் வாத்தியார். ஆம், வாத்தியார் என்பதே கூத்தில் ஆசானுக்குப் பெயர்.

அந்தக் கல்வி எளியதன்று. சிறுவன் முதலில் தாளத்தைக் காதால் பழகுகிறான்; பிறகு காலால் பழகுகிறான். அடவு கற்கிறான், கால் மாற்றிச் சுழன்று சுழன்று வரும் கிறிக்கி கற்கிறான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தே கடைசி வரிசையில் குந்தியிருந்த கிழவிக்கும் கேட்கப் பாடிய தொண்டையைப் பயிற்றுகிறான். முகவீணையின் உச்சக் குரலுக்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டும். பாடி முடித்த மூச்சோடு ஆட வேண்டும். ஆடி முடித்த களைப்போடு வாதாட வேண்டும். கிரீடமும் புசக்கட்டையும் மார்புப் பதக்கமுமாக, மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த அணிகளைச் சுமந்தபடி இதையெல்லாம் செய்ய வேண்டும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் குரல் மட்டும் எழும், சலங்கை ஒலிக்கும், திரை விலகும்போது, பகலில் ஏர் பிடித்தவன் இரவில் துரியோதனனாக நிற்பான். இது தெய்வ அருளால் வந்ததா? பிறவிப் பயனால் வந்ததா? இல்லை. பயிற்சியால் வந்தது. வாத்தியாரின் கண்டிப்பாலும் மாணவனின் வியர்வையாலும் வந்தது.

இதற்குச் சான்று வேண்டுமா? நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அவரைக் கூத்தின்பால் ஈர்த்தது புரிசையின் ஆட்டம். நகரத்து இளைஞர்க்கு அங்கே கூத்துப் பயிற்சி அளித்தார் கண்ணப்பத் தம்பிரான். அதன்பின், பிரான்சு நாட்டின் அரியான் முனூசுக்கின் அம்மையாருடைய நாடகக் குழு 2016இல் பாரிசில் அரங்கேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்காகச் சம்பந்தன் கூத்துக் கற்பித்தார். பல நாட்டு ஆடவரும் மகளிரும் கொண்ட குழு அது. செய்யாற்றங்கரையில் பிறவாதவர், தமிழே அறியாதவர், தமிழ்க் கூத்தைத் தமிழில் பாடி ஆடினர். பிறப்பு அங்கே எங்கே வந்தது? கற்றனர், ஆடினர். அவ்வளவே!

இனி, கூத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். பாரதக் கதையே அதன் உயிர்நாடி. திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டியே பெரும்பாலும் அது ஆடப்படுகிறது. 'ஆரியக் கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போவது நமக்கு எளிது. ஆனால் திறனாய்வாளன் தள்ளுவதற்கு முன் பார்க்கக் கடமைப்பட்டவன். கர்ண மோட்சம் என்னும் கூத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே கர்ணனின் மனைவி பொன்னுருவி வருகிறாள். வியாசர் படைத்தவள் அல்லள்; தமிழ்நாட்டு மக்கள் படைத்தவள். தேரோட்டி மகன் என்று கணவனை அவள் இகழ்கிறாள். அவனைத் தொடவும் கூசுகிறாள். வேண்டுமென்றே பாமரர் இந்தப் பெண்ணைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது ஏன்? பிறப்பைக் காட்டித் தள்ளப்படும் துயரம் அவர்கள் அன்றாடம் உண்ட சோறு. கர்ணன் வாயால் அந்தத் துயரத்தை அழவைத்துக் கேட்க விரும்பினர். போருக்குப் புறப்படும் கர்ணன் அவள் வாயிலில் நின்று பாடும்போது, பார்த்திருக்கும் உழவன் கண்ணில் நீர் வழிவது எந்தப் பாண்டவனுக்காகவும் அன்று.

சரி, கூத்து அந்தக் கேள்விக்கு என்ன விடை தருகிறது? அங்கேதான் நாம் குறை காண்கிறோம். 'நான் தேரோட்டி மகன் அல்லேன். குந்தியின் வயிற்றில் பிறந்தவன்' என்று கர்ணன் உரைக்கிறான். உடனே பொன்னுருவி மனம் மாறி வருந்துகிறாள். பிறப்பால் இகழ்ந்தது தவறு என்று அவள் உணரவில்லை. ஆளை மாற்றி இகழ்ந்துவிட்டோமே என்றுதான் உணர்கிறாள். அவன் உண்மையிலேயே தேரோட்டி மகனாக இருந்திருந்தால்? இகழ்ச்சி நியாயமாகியிருக்குமா? விடிய விடிய எரிந்த கேள்வியை விடியும் நேரத்தில் நீர் தெளித்து அணைத்துவிடுகிறது கூத்து.

வேறு விடை தர அந்தக் களரிக்குத் தெரியாமல் இல்லை. செருமானிய நாடகாசிரியர் பிரெக்டின் காக்கேசிய வெண்சுண்ண வட்ட நாடகத்தைப் புரிசைக் குழுவினரே கூத்தாக்கி ஆடியிருக்கின்றனர். அந்நாடகத்தின் தீர்ப்பு என்ன? குழந்தை, பெற்றவளுக்கு உரியதன்று; பேணி வளர்த்தவளுக்கே உரியது என்பது. கர்ண மோட்சத்தில் பிறப்பு வெல்கிறது. வெண்சுண்ண வட்டத்தில் வளர்ப்பு வெல்கிறது. இரண்டையும் தாங்கும் வலிமை அதே அடவுக்கும் அதே குரலுக்கும் உண்டு. எனவே, கூத்து பழமையின் கூண்டு என்று இனி எவரும் சொல்ல வேண்டா. கூண்டின் கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால் இன்னொரு கதவு நெடுங்காலம் சாத்தியே இருந்தது. பாஞ்சாலியின் துகிலை உரிகிறான் துச்சாதனன். பெண்ணினத்துக்கு நேர்ந்த மானக்கேடு என்று கூடியிருக்கும் மகளிர் கலங்குகின்றனர்; கைகூப்புகின்றனர். பாஞ்சாலி யார்? சேலை கட்டிய ஓர் ஆடவன். பெண்ணின் துயரத்தைப் பாடவும் பெண்ணுக்கு உரிமை இல்லை என்பதே காலங்காலமாக வழக்கம். இரவெல்லாம் ஊர் ஊராகச் செல்லும் தொழில் பெண்ணுக்கு அடுக்காதாம். விழா நடத்தும் ஊரார் ஏற்கமாட்டார்களாம். கோபுர வாயிலில் கல்லிலே 108 நிலையும் ஆடுபவள் பெண். களரியில் மண்மீது ஆடக்கூடாதவளும் பெண்ணா? என்னே விந்தை!

அந்தக் கதவை இடித்தவர் பெருங்கட்டூர் இராசகோபால். தந்தையிடம் கூத்துக் கற்று, பத்து வயதிலேயே ஆடப்போய், பள்ளிப் படிப்பை இழந்தவர். இழந்தவருக்குத்தான் இழப்பின் அளவு தெரியும். தெருக்கூத்து என்ற பெயரில் நகரத்தாரின் ஏளனம் ஒட்டியிருக்கிறது என்று கருதி, கட்டைக்கூத்து என்ற பெயரையே வலியுறுத்தினார். 1990இல் கலைஞர்களின் சங்கம் கண்டார். ஆலந்து நாட்டிலிருந்து வந்த ஆய்வாளரும் அவர் துணைவியாருமான அன்னே தெ புரூயின் அம்மையாரோடு சேர்ந்து, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் ஒரு குருகுலம் திறந்தார். அங்கே ஏழைச் சிறுவர் பகலில் ஏட்டுக்கல்வியும் கற்றனர், கூத்தும் கற்றனர். சிறுமியரும் கற்றனர்! கட்டை தரித்து, கிரீடம் சூடி, வீர வேடங்களில் நின்று கிறிக்கி அடித்தனர் தமிழ்ப் பெண்கள். வானம் இடிந்து விழவில்லை, மழை பொய்க்கவில்லை, அம்மனும் கோபிக்கவில்லை. 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் அது நிறுவிய உண்மையை மட்டும் எவராலும் மூட முடியாது.

இங்கே குற்றம் வாத்தியார்களுடையது மட்டுமா? நம்மையும் கூண்டில் ஏற்றுவோம். மேடையைப் படைக்கலமாக்கிய இயக்கம் நம்முடையது. அண்ணா நாடகம் எழுதினார், நடித்தார், கலைஞர் எழுதினார், நடித்தார், எம்.ஆர். இராதா மேடையிலேயே புராணங்களைப் பிளந்தார். மாற்றார் நம்மைக் கூத்தாடிகள் என்று ஏசியபோது நாம் சினந்தோம். சினந்திருக்கத் தேவையில்லை, 'ஆம், கூத்தாடிகளே!' என்று மார்தட்டியிருக்கலாம். ஓவியத் திரையும் மின்விளக்கும் கொண்ட மேடைக்கு நாம் ஏறினோம். களரிக்குள் போதிய அளவு இறங்கவில்லை. கதை பிடிக்கவில்லை என்பதற்காக, அதைச் சொல்லும் கால்களையும் குரல்களையும் கவனியாது விட்டோம். விட்ட இடத்தைத் திருவிழாச் செலவுக்குப் பணம் தருபவன் பிடித்துக்கொண்டான். எதை ஆடலாம், யார் ஆடலாம் என்று அவனே வரையறுத்தான்.

திருவண்ணாமலை நமக்கு வேறொரு பாடமும் கற்பித்திருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதற்கென 2007இல் அரசு தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்று இந்த நகரிலேதான் அமைந்தது. கற்றவர்கள் பல்லாண்டு காத்திருந்தனர். 2021இல் அவர்களுள் சிலர் தமிழகக் கோயில்களில் பணி ஏற்றனர். கருவறைக்கே பிறப்பு தகுதியன்று, பயிற்சியே தகுதி என்று சொன்ன நாடு, களரிக்கு மட்டும் வேறு சட்டம் வைக்கலாமா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. புரிசை போன்ற ஊர்களில் கற்பிக்கும் வாத்தியாருக்கு, சபாவில் கற்பிக்கும் ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் வேண்டும். எந்தச் சாதியில் பிறந்த சிறுவனும் சிறுமியும் பள்ளிப் படிப்பை இழக்காமல் அடவு கற்க வழி வேண்டும். பொன்னுருவியின் கேள்விக்குப் புதிய விடை எழுதும் புலவர் வேண்டும். கர்ணன் தேரோட்டி மகனாகவே நின்று அவள் நாணும்படி வெல்லும் ஒரு கூத்து வேண்டும்.

அந்தக் கூத்து ஒரு நாள் திருவண்ணாமலைக் கீழைக் கோபுரத்தின் எதிரே, பொதுவீதியில் நடக்கட்டும். திரை விலகட்டும். பொன்னுருவியாக ஒரு பெண் நிற்கட்டும். கர்ணனாகவும் ஒரு பெண்ணே நிற்கட்டும். வாயிலிலுள்ள கல் மகளிர் அன்று தம் தங்கையரின் சலங்கையொலியைக் கேட்கட்டும்!